பள்ளிக்கூடத்துக்கு அரைப்பேர்

அறிக்கை வந்துவிட்டது.

எந்த அறிக்கை என்று கேட்கிறீர்களா? அப்படியானால் ஏப்ரல் மாதம் நீங்கள் இந்தப் பத்தியைப் படிக்கவில்லை. பாதகமில்லை. படிக்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அந்த மாதம் முழுவதும் என் பெருமையை நானே எழுதிக்கொண்டிருந்தேன் — அரசாங்கக் குழு ஒன்றுக்கு அடியேன் மொழிபெயர்ப்பாளர் என்று.

அந்தக் குழுவின் அறிக்கைதான் போன வாரம் என் கடைக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. நல்ல கனம். நிறுத்துப் பார்க்க ஆசைதான். ஆனால் என்னுடையது ஹட்டன் பஜாரில் ஒரு சின்னப் புத்தகக் கடை. தராசு கிடையாது. பக்கத்துக் கருவாட்டுக் கடைக்காரரிடம் கேட்டேன்.

"வேணாண்ணே, வாசம் ஒட்டிக்கும்," என்றார்.

எதிலிருந்து எதற்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவர் விளக்கவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொழும்பிலே கல்வியைக் கவனிக்க ஒரு சர்க்கார் கந்தோர், தொழிலைக் கவனிக்க ஒரு கந்தோர். இரண்டும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஒரு கந்தோர் பிள்ளைகளைப் படிக்க வைத்து வெளியே விடும். மற்றக் கந்தோர் 'இந்தப் படிப்புக்கு வேலை கிடையாது' என்று வீட்டுக்கு அனுப்பும். இப்படியே சுகமாக நடந்துகொண்டிருந்தது. திடீரென்று யாருக்கோ ஞானம் பிறந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் என்ன? தோட்டத் துரைமார் தரப்பிலும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, மலைநாட்டுப் பிள்ளைகளின் படிப்பையும் நாட்டின் வேலைத் தேவையையும் ஒரே கயிற்றில் கட்டினால் என்ன?

எங்கே உட்காருவது? நுவரெலியாவில். எப்போது? ஏப்ரலில். குதிரைப் பந்தயமும் பூக்கண்காட்சியும் அதே மாதத்தில் வருவது குழுவின் குற்றமா?

ஒரு சின்னச் சிக்கல் மட்டும் இருந்தது. ஏப்ரலில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு. ஆனால் கல்வியைச் சீர்திருத்துகிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் எப்போது திறந்திருக்கும் என்பதெல்லாமா தெரிய வேண்டும்?

நான் இதில் நுழைந்தது தற்செயல். அவர்களுடைய சொந்த மொழிபெயர்ப்பாளர் நுவரெலியாக் குளிரில் காய்ச்சலோடு படுத்துவிட்டார். தோட்டத் தரப்புக் கனவானின் கிளார்க் என் கடையில் மை வாங்குகிறவர். 'மூன்று பாஷையும் தெரிந்த ஆள் ஒருத்தர் இருக்கிறார்' என்று என்னைக் காட்டிக்கொடுத்தார். பொய்யில்லை. மூன்றும் தெரியும். இங்கிலீஷ், கடைக்கு வரும் பெட்டிகளின் லேபிளில் படித்தது. சிங்களம், பஸ் கண்டக்டர்களிடம் கற்றது. 'உள்ளே தள்ளிப் போங்கள்' என்ற அளவுக்கு நல்ல புலமை. என் தமிழைப் பற்றி இந்தப் பத்திரிகையின் ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும்... கேட்காதீர்கள்.

கோட் இல்லாமல் அந்த ஓட்டலுக்குள் விடமாட்டார்களாம். லாண்டரிக்காரர் ஒரு கோட்டை இரவல் தந்தார். யாருடையது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூட்டத்தில் ஒரு கனவான் என் கோட்டையே உற்று உற்றுப் பார்த்தபோதுதான், கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது.

கனவான்கள் மூவர். பெயரெல்லாம் எதற்கு? கல்விக் கனவான் மெலிந்தவர், எதற்கும் தலையாட்டுவார். தொழில் கனவான் பருத்தவர், பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டே கேட்பார். என் கோட்டைப் பார்த்தவர் அவர்தான். தோட்டக் கனவான் வெள்ளைக்காரர். வாயிலிருந்து பைப்பை எடுத்து நான் பார்த்ததில்லை.

அப்படி ஓர் ஒற்றுமையை நான் கல்யாண வீட்டில்கூடக் கண்டதில்லை. "தோட்டப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்புவரை போதுமா?" என்று கல்விக் கனவான் ஆரம்பிப்பார். "எதற்குப் போத வேண்டும்?" என்பார் தொழில் கனவான். "கொழுந்து பறிக்கவா?" என்பார் தோட்டக் கனவான். மூவரும் சிரிப்பார்கள். நாட்டுக்கு என்ன தேவை? தேயிலை. தேயிலைக்கு என்ன தேவை? கை. கைக்கு என்ன தேவை? இந்த இடம் வரும்போது வழக்கமாகச் சாப்பாட்டு மணி அடித்துவிடும்.

நம் தோட்டத்துச் சனங்களுக்கு இந்த நாட்டில் பிரஜாவுரிமை இல்லை, வாக்கு இல்லை. ஆனால் 'தேசத்தின் உழைப்புப் படை' என்று குழு எழுதும்போது முன்வரிசையில் நிற்பவர்கள் அவர்கள்தான். என்ன தாராள மனசு பாருங்கள்.

ஓட்டலில் உட்கார்ந்து அலுத்தபின், தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றை நேரில் பார்ப்பது என்று தீர்மானம் ஆயிற்று. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். கனவான்கள் காரில் வந்தார்கள். காரில் மொழிபெயர்ப்பாளருக்கு இடமில்லை. ஆகையால் நான் காலை பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்தேன். அது நல்லதாய்ப் போயிற்று. அந்த ரோட்டில் வளைவுக்கு வளைவு காரை நிறுத்தி, கல்விக் கனவான் இறங்கி வயிற்றைப் பிடித்தபடி குனிந்து நின்றாராம். டிரைவர் பிறகு சொன்னான். கல்வியின் பாதை கரடுமுரடானதுதான்.

பள்ளிக்கூடம் என்பது, வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவை ஒட்டின ஒரு நீளமான அறை. ஒரே வாத்தியார், கந்தப்பு மாஸ்டர். பருத்தித்துறைக்காரர். வருஷப் பிறப்புக்கு ஊருக்குப் போயிருந்தவரை, 'குழு வருகிறது' என்று தந்தி அடித்து வரவழைத்திருந்தார்கள். ரயிலில் தூங்காத கண்ணோடு நின்றார்.

"தம்பி, அறைக்கு நாலு மூலை. வகுப்பு அஞ்சு," என்றார். "அஞ்சாம் வகுப்பை வாசல்லை இருத்தியிருக்கிறன். ஆறாம் வகுப்புக்கு அனுமதி தந்தால் அந்த மரத்துக்குக் கீழை இருத்துவன். இடம் எனக்குப் பிரச்சினை இல்லை. அனுமதிதான் வேணும்."

"ஆறாம் வகுப்பு யாருக்கு மாஸ்டர்?"

அவர் காட்டின திசையில், தாவணி போடுகிற வயசு வராத ஒரு பெண்பிள்ளை நின்றாள். செல்லம்மா. "கேள்வியை நான் சொல்லி முடிக்க முன்னம் விடை சொல்லுது. இத்தனை வருஷத்திலை இப்பிடி ஒண்டை நான் காணேல்லை."

பக்கத்தில் அவள் தாய் ராமாயி, கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் சுற்றுகிற படங்குச் சாக்கோடு. என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"கடைக்கார ஐயா, இந்த வருசத்தோட இதுக்கு அஞ்சாம் வகுப்பு முடியுதுங்க. முடிஞ்சதும் வேலையாளு பேரெழுதுற செக்ரோல்ல பதியணும்னு கங்காணி சொல்லிட்டாரு. பதிஞ்சிட்டா கூடைய மாட்டிருவாங்க. மாட்டுன கூடைய அப்புறம் எங்கிட்டு எறக்குறது? தொரைகிட்டயே போய்க் கேட்டேன். வகுப்பு இருந்தா படிக்கட்டும், இல்லாத வகுப்புல எப்புடிப் படிக்கும்ங்கிறாரு."

"ஹட்டன்ல சேர்த்தா என்ன?"

"போர்டிங்ல வைக்க நா என்ன, பெரிய உத்தியோகம் பாக்குற கண்டாக்கையா பொண்டாட்டியா? அந்த ஐயாமாருகிட்ட இங்கிலீசுல நல்ல மாதிரியா சொல்லிக் குடுங்க. ஒங்கள நம்பித்தான் இருக்கோம்."

என்னை நம்பி! என் சம்சாரம் இதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் ஒரு கணம், தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று சந்தேகம். உள்ளே கால் வைக்க இடமில்லை. சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள், வாஸ்தவம். அவர்களுக்குப் பின்னால் மீசை வைத்த இளவட்டங்கள். தாலிக்கயிற்றில் மஞ்சள் காயாத ஒரு புதுப்பெண். முன்வரிசையில் காத்தமுத்து என்றொரு ஆள், மடியில் தன் மகனோடு. தகப்பனும் மகனும் ஒரே வகுப்பு. வாசலில் கொழுந்துக் கூடைகள் மலைபோலக் குவிந்து கிடந்தன.

கணக்கப்பிள்ளை வேலாயுதம் பெருமையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன கணக்கப்பிள்ளை இது?"

"தொர சொன்னாருங்க, லீவா இருந்தாலும் பள்ளிக்கூடம் நெறையணும்னு. காலைல பெரட்டுல சொன்னேன், பள்ளிக்கூடத்துக்கு வர்றவங்களுக்கு அரைப்பேருன்னு. நெறைஞ்சிருச்சு."

தோட்டத்து வழக்கம் தெரியாத கொழும்பு வாசகர்களுக்கு: அதிகாலையில் தொழிலாளரைக் கூட்டி இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்து அனுப்புவது பெரட்டு. ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' போடுவார்கள். பாதி நாளுக்கு அரைப்பேர். வேலாயுதத்துக்குத் தன் வாழ்நாளில் ஆட்களைச் சேர்க்கத் தெரிந்த வழி இது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தை நிரப்பு என்றால் அவர் வேறு எப்படி நிரப்புவார்?

"சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று சொல்லவில்லையா?"

"படிக்க வேண்டியவங்கன்னு சொன்னேங்க. நாங்க மட்டும் படிச்சா இருக்கோம்னு திருப்பிக் கேக்குறானுங்க. அதுக்கு என்னத்தச் சொல்றது?"

கந்தப்பு மாஸ்டர் கூடைகளைத் தாண்டிக்கொண்டு வந்தார். "இது பள்ளிக்கூடமோ, பெரட்டுக் களமோ? எல்லாரையும் வெளியிலை அனுப்பும் காணும்."

"அனுப்பலாம் மாஸ்டர். அரைப்பேரு போட்டாச்சே. வெட்டிட்டு நீங்க ஆளுங்க குடியிருக்கிற லயத்துப் பக்கம் நடமாடிருவீங்களா?"

கார் ஹார்ன் கேட்டது. மாஸ்டர் என் கோட்டுக் கையைப் பிடித்தார். "தம்பி, இதுகள் பள்ளிக்கூடப் பிள்ளையள் இல்லை எண்டு தெரிஞ்சுதோ, ஆறாம் வகுப்பு என்ன, உள்ள அஞ்சையும் மூடிப்போடுவாங்கள். எப்பிடியும் சமாளியும்."

நான் சமாளிக்கிறதில் கெட்டிக்காரன். கடன் கேட்டு வருகிறவர்களிடம் பழகின பழக்கம். தவிர, பள்ளிக்கூடம் நிரம்பி வழிவதைப் பார்த்தால் ஆறாம் வகுப்பு தானாக வந்துவிடாதா? இது என் கணக்கு. கணக்கில் நான் செல்லம்மா அல்ல என்பதை அப்போது மறந்துவிட்டேன்.

கனவான்கள் உள்ளே வந்தார்கள். அத்தனை பேரும் எழுந்து நின்று "சலாம் தொர" என்றார்கள். கார்ப் பயணத்தில் வெளிறின கல்விக் கனவான் முகம் இன்னும் தெளியவில்லை. கூடைக் குவியலைக் காட்டி, இவை எதற்கு என்று கேட்டார்.

"புத்தகம் கொண்டுவருவதற்கு," என்றேன் இங்கிலீஷில்.

அவர் தொப்பியைக் கழற்றினார்.

தொழில் கனவான் மீசைக்காரன் ஒருவனைப் பிடித்தார். எந்த வகுப்பு என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"கவ்வாத்துங்க," என்றான் அவன். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிவிடுகிற கோஷ்டி. அவன் என்ன செய்வான், உள்ளதைச் சொன்னான்.

"செய்முறை வகுப்பு," என்று நான் மொழிபெயர்த்தேன்.

பென்சில் தட்டுவது நின்றது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

புதுப்பெண்ணிடம், கல்யாணம் ஆனபிறகும் படிக்க வருகிறாயே, எது உன்னை இழுத்து வந்தது என்று கேட்டார் கல்விக் கனவான்.

"அரைப்பேருங்க."

"அறிவுத் தாகம்," என்றேன்.

இப்படியே போயிற்று. என் புலமை எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தோட்டக் கனவான் பக்கம் திரும்பினேன். பைப் லேசாகக் குலுங்கியது. அப்புறம்தான் உறைத்தது: தோட்டத்துரைகள் வேலைக்குச் சேர்ந்தவுடன் முதலில் படிக்கிற பாஷை தமிழல்லவா? அந்த மனுஷருக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்திருக்கிறது. முதலிலிருந்தே. சிரிப்பைப் பைப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோட்டுக்குள் வேர்த்தது. காட்டிக்கொடுக்கவில்லையே, நல்ல மனுஷர் என்றுகூட நினைத்தேன். அவ்வளவுதான் என் மூளை.

கடைசியில் மாஸ்டர் செல்லம்மாவை முன்னால் நிறுத்தினார். நீ என்ன ஆக விரும்புகிறாய் என்று கல்விக் கனவான் கேட்டார். கமிட்டிக் கனவான்கள் எல்லா ஊரிலும் கேட்கிற கேள்வி.

"ஆறாம் வகுப்புப் படிக்கணுங்க."

"அதற்குப் பிறகு?"

அவள் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தாள். "ஏழாம் வகுப்புங்க."

அன்று முழுவதும் நான் ஒழுங்காக மொழிபெயர்த்தது இந்த இரண்டையும்தான். வார்த்தை பிசகவில்லை. மூவரும் மனம் விட்டுச் சிரித்தார்கள். தொழில் கனவான் அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார். வாசலில் நின்ற ராமாயி என்னைப் பார்த்தாள். அவர்கள் சிரித்ததை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டு, அவளும் சிரித்தாள்.

இனி, அறிக்கைக்கு வருவோம்.

குழு அந்தத் தோட்டத்தை வானளாவப் புகழ்ந்திருக்கிறது. 'வயது வேறுபாடின்றித் தொழிலாளர்கள் தத்தம் தொழிற்கருவிகளோடு பாடசாலைக்கு வருகை தருவதைக் கண்ணுற்றோம்.' கூடை புத்தகம் கொண்டுவர அல்ல என்று அவர்களுக்கு யாரோ பிறகு விளக்கியிருக்கிறார். யார் என்று நான் சொல்ல வேண்டுமா? பைப் பிடிப்பவர். 'கல்வியும் தொழிலும் இரண்டறக் கலந்த இத்தோட்டமே ஏனைய தோட்டங்களுக்கு முன்மாதிரி. இத்தகைய பூரண நிலையை எய்திவிட்ட பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு என்பது அவசியமற்ற செலவு.'

புரிகிறதா? நான் சமாளித்த சமாளிப்பில் ஆறாம் வகுப்பு போயே போய்விட்டது. அதுவும் முன்மாதிரியாக, எல்லாத் தோட்டங்களிலும்.

அதோடு விடவில்லை. ஐந்தாம் வகுப்பில் சித்தியடைந்தவர்கள், அதாவது பாஸானவர்கள், தோட்டத் தொழிலுக்குப் பூரண தகுதி பெற்றவர்களாம். தாமதமின்றிச் செக்ரோலில் பதிய வேண்டுமாம். சித்தியடையாத பிள்ளைகளைச் சித்தியடையும்வரை பள்ளிக்கூடத்திலேயே வைத்திருக்க வேண்டுமாம். தேசத்தின் உழைப்புப் படையில் அரைகுறைகள் இருக்கக் கூடாதே. போதாததற்குப் புதுப் பாடம் ஒன்று: 'தோட்டத் தொழில் நாட்டம்'. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் சித்தி.

எழுதி முடிக்க இத்தனை மாதம் எடுத்த அறிக்கை, தோட்டங்களில் அமுலுக்கு வர ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கே பிரதி போன வாரம்தான் வந்தது. துரைமாருக்கு அதற்கு முன்பே சுற்றறிக்கை போய், இந்த வருஷப் பரீட்சையே புது முறையில் நடந்து முடிந்துவிட்டது. ஆறாம் வகுப்பு வேண்டாம் என்பதை நிறைவேற்றுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

அறிக்கையைப் படித்த அன்று என் கடைப் பலகையைச் சீக்கிரமே போட்டேன். செல்லம்மாவின் முகம் வந்து வந்து போயிற்று. இந்நேரம் கூடை மாட்டியிருப்பார்கள். ராமாயி ஹட்டனுக்கு வந்தால் எந்தச் சந்துக்குள் ஒளிவது என்றுகூட யோசித்து வைத்தேன்.

சனிக்கிழமை கந்தப்பு மாஸ்டர் கடைக்கு வந்தார். நான் மேசைக்கு அடியில் எதையோ தேடினேன்.

"ஒளியாதையும். ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒண்டு எடும்."

"உங்களிடம்தான் ஆறாம் வகுப்பே இல்லையே மாஸ்டர்."

"இல்லைத்தான். அஞ்சாம் வகுப்பிலை பெயில் விட்ட பிள்ளை ஒண்டு இருக்கு. அதுக்கு."

"பெயிலான பிள்ளைக்கு ஆறாம் வகுப்புப் புத்தகமா?"

"நல்லாய்ப் பெயில் விட்டிட்டுது," என்றார் மாஸ்டர், முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல்.

எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் எதுவும் விளங்கும். விளங்கியபோது அவர் பின்னாலேயே ராமாயியும் செல்லம்மாவும் படியேறி வந்தார்கள். ராமாயி வாயெல்லாம் பல்லாக இருந்தாள். செல்லம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ள பெயிலாயிருச்சுங்க ஐயா," என்றாள் ராமாயி. பஜார் முழுக்கக் கேட்கிற குரலில். கருவாட்டுக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார், யாருக்காவது லாட்டரி விழுந்ததோ என்று.

"கணக்குல நூத்துக்கு நூறு. தமிழ்ல தொண்ணூறு. நா எப்புடிங்க பெயிலு?" என்றாள் செல்லம்மா. ரோஷத்தில் கண் கலங்கியிருந்தது.

"ஏய், மெதுவா. யார் காதுலயாவது விழுந்துறப் போவுது. பெயிலான புள்ள மாதிரி அடக்கமா நில்லு."

"எதிலே மாஸ்டர் பெயிலாக்கினீர்கள்?" என்றேன்.

"தோட்டத் தொழில் நாட்டம். சைபர்." மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். "அந்தப் பிள்ளைக்கு அந்த நாட்டம் மருந்துக்கும் கிடையாது. நான் பொய்க்குப் புள்ளி போடுறதில்லை. கணக்கப்பிள்ளை வந்து பாத்திட்டு, பாவம், நல்லாப் படிக்கிற புள்ளைன்னு சொன்னாங்களே எண்டு கவலைப்பட்டார். பெயிலானதை வைச்சிருக்கச் சொல்லிக் குழுவே சொல்லியிருக்கு, நான் என்ன செய்ய எண்டன்."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் ஏழாம் வகுப்புப் பாடம் படிப்பிக்க வேணும். ஆகவே திரும்பவும் பெயில்."

"பத்து வருசம் வேணும்னாலும் ஆக்குங்கய்யா," என்றாள் ராமாயி.

செல்லம்மா புத்தகத்தை எடுத்து நடுவில் எங்கோ திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். எங்கள் பேச்சு அதற்கப்புறம் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. புத்தகம் என் அன்பளிப்பு. இதைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். ஏப்ரல் மாதப் பழக்கம் விடவில்லை.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா, விஷயம் வெளியே போய்விடாதா என்று நீங்கள் பதறுவது தெரிகிறது. ஆட்களின் பெயரை மாற்றிவிட்டேன். தோட்டத்தின் பெயரை எழுதவே இல்லை. கல்விக் கனவானும் தொழில் கனவானும் தமிழ் படிப்பவர்கள் அல்ல. பைப் பிடிப்பவருக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத்து தெரியாது. யாராவது படித்துச் சொல்ல வேண்டுமென்றால், நம்பகமான மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஹட்டன் பஜாரில் இருக்கிறார்.

எனவே, வாசக நேயர்களே, இஷ்ட தெய்வத்தை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்: செல்லம்மா வருஷா வருஷம் தவறாமல் பெயிலாக வேண்டும்.